ஆட்டுக்குக் கொடுத்த றோல்ஸ்

என் மருமகள் எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் இறைச்சி கலக்கிறாள் என்று நான் என் தங்கையிடம் சொன்னேன். அதற்கு என்னிடம் ஒரு சான்றும் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். சோதித்துப் பார்க்காமல் முடிவு எழுதாதே என்று எத்தனையோ பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொன்னேன்.

மகன் லண்டனில், குட்மேய்ஸில் இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாத விசாவில் அவனிடம் போயிருந்தேன். மனைவி இறந்த பிறகு நான் மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. மருமகள் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். அந்தக் கல்யாணத்தை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்கவில்லை என்பதை ஊரில் வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

போன முதல் வாரமே அவளுடைய கறி ருசியாக இருந்தது. அங்கேதான் எல்லாம் தொடங்கியது. மரக்கறிக்கு இவ்வளவு ருசி எப்படி வந்தது? ஒருநாள் கறியில் ஒரு துண்டு நாராகப் பிரிந்தது. கேட்டேன். "சோயா மாமா" என்றாள். உடனே பதில் வந்ததால், முன்பே யோசித்து வைத்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். பொய் தேடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் வேலைக்குப் போன பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மணந்து பார்ப்பேன். குப்பை வாளியையும் கிளறினேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே என் சந்தேகத்தை வளர்த்தது. இவ்வளவு கவனமாக மறைக்கிறாள் என்றால் எத்தனை நாள் பழக்கம் என்று நினைத்தேன்.

லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருக்கும் தங்கை தினமும் தொலைபேசியில் "என்ன சாப்பிட்டனீங்கள் அண்ணை?" என்று கேட்பாள். மூன்றாவது வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே நினைச்சனான்" என்றாள். என் சந்தேகத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது போல நிம்மதியாக இருந்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். மகனுக்கு ஷிப்ட். மருமகளும் ஏழு வயதுப் பேத்தியும் நானும்தான். மருமகள் காலையிலேயே எழும்பி, மாவில் கறியைச் சுருட்டி றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஏன் இன்றைக்கு இவ்வளவு அக்கறை என்று யோசித்தபடி ரயிலில் இருந்தேன்.

அன்று எதுவும் எனக்கு நம்பும்படியாக இல்லை. புலிக்கூட்டின் கண்ணாடிக்கு முன் கால் மணி நேரம் நின்றோம். புல்லும் மரக்கட்டையும் தெரிந்தன. டிக்கெட் விற்ற பிறகு இவர்கள் புலியை எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்பப்பா, லுக், வால் தெரியுது" என்றாள் பேத்தி.

"அது வேர் பிள்ளை."

"வேர் ஆடுமோ?" என்றாள்.

மத்தியானம் தீன்கடை ஒன்றைக் கடந்தபோது அவள் கோழி நகெற் வேண்டும் என்று தாயின் கையை இழுத்தாள்.

"அப்பப்பா நிக்கிறாரெல்லோ" என்றாள் மருமகள்.

"வீட்டிலயும் இல்லை. இஞ்சயும் இல்லை. அப்பப்பா எப்ப ஊருக்குப் போறார்?"

எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லிக் கொடுத்த வசனம் என்றே அதையும் எடுத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பிள்ளை நகெற்றுக்காகச் சிணுங்கியதை நான் நாடகம் என்று நினைத்தேன்.

ஆடுகளும் கழுதைகளும் நிற்கும் சிறுவர் பண்ணைக்கு அருகே ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். மருமகள் இரண்டு றோல்ஸைத் தாளில் வைத்துத் தந்துவிட்டுப் பிள்ளையைக் கை கழுவக் கூட்டிப்போனாள். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே உருளைக்கிழங்கு, லீக்ஸ், அதே நார். தூர எறிய எழும்பினேன். குப்பைத்தொட்டி கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அவள் கண்டுவிடுவாள். வேலிக்கு மேலால் ஒரு வெள்ளாடு தலையை நீட்டியது. இரண்டையும் அதற்குக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றது.

பச்சைச் சட்டை போட்ட ஊழியப் பெண் ஓடி வந்தாள். வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த எதையும் இந்த நாட்டில் ஆடுமாடுகளுக்குக் கொடுக்கக்கூடாதாம். பலகையில் எழுதியும் இருந்தது. அதற்குள் மருமகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள். அதில் இறைச்சி இருந்ததா என்று ஊழியப் பெண் கேட்டாள். அதுதான் முக்கியம், இருந்தால் மிருக வைத்தியருக்கு உடனே சொல்ல வேண்டும் என்றாள்.

"இல்லை. கிழங்கும் சோயாவும்தான்" என்றாள் மருமகள் ஆங்கிலத்தில்.

"அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன் நான். நல்ல ஆங்கிலத்தில், வகுப்பறைக் குரலில்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு றோல்ஸை இரண்டாக உடைத்து ஊழியப் பெண்ணிடம் காட்டினாள். சோயாப் பைக்கற்றின் படத்தைத் தொலைபேசியில் தேடி எடுத்துக் காட்டினாள். ஊழியப் பெண் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டு ஆட்டைத் தனியாகக் கட்டக் கொண்டுபோனாள்.

"எத்தனை நாளா இப்பிடி நினைக்கிறீங்கள் மாமா?"

நான் றோல்ஸ் வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் வாறதுக்கு முதல் கிழமையே சட்டி பானை எல்லாம் புதுசா வாங்கினன். அம்மா மன்னாரில இருந்து அனுப்பின கருவாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தன். பிள்ளைக்கும் ஒண்டும் வாங்கிறேல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் விவரம் கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

திரும்பி வரும் ரயிலில் பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டது. அதன் பிறகுதான் கேட்டாள்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "தங்கச்சிக்குச் சொன்னனான்" என்றேன்.

"அதுதான்" என்றாள். "அண்டைக்கு அவையின்ர வீட்டுக் கொண்டாட்டத்துக்கு வடை சுட்டுக் கொண்டு போனனெல்லோ. ஒருத்தரும் தொடேல்ல. தட்டு அப்பிடியே திரும்பி வந்தது. நான் உப்புக் கூடிப்போச்சு எண்டு நினைச்சன்."

அன்று நானும் அங்கே இருந்தேன், அந்தத் தட்டைப் பார்த்தேன். அவர்கள் தொடாததையும் பார்த்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குப் போனவுடன் அவளை அருகில் இருத்திக்கொண்டு, ஒலிபெருக்கியில் போட்டுத் தங்கையை அழைத்தேன். நான் சொன்னது பொய், இவள் என்னைச் சுத்தமான சைவச் சாப்பாட்டில்தான் வைத்திருக்கிறாள், பிழை என்னுடையது என்றேன்.

மறுமுனையில் குரல் தணிந்தது. "அண்ணை, அவ பக்கத்தில நிக்கிறாவோ? ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஓம் நிக்கிறா. ஆனா நான்..."

"விளங்குது. நீங்கள் வையுங்கோ."

மருமகள் எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவெடுத்தேன். "பிள்ளை, நாளைக்கு எட்மண்டனுக்குப் போறன். ஏதாவது செய்து தருவீரோ?" என்று கேட்டேன். ரவைக் கேசரி கிண்டித் தந்தாள். கேசரியில் இறைச்சி ஒளிக்க ஏலாது. அதைத் தெரிந்துகொள்ள இரசாயனவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ரயிலும் பஸ்ஸும் மாறித் தனியாகப் போனேன். தங்கையும் கணவரும் கேட்டுக்கொண்டிருக்க முழுவதையும் சொன்னேன். குப்பையைக் கிளறியதையும் ஆட்டையும் விடவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு துண்டை அவர்கள் முன்னால் சாப்பிட்டேன்.

"பாவம் அண்ணை, நீங்கள் அங்கதானே இருக்க வேணும். அப்பிடித்தான் சொல்லுவீங்கள்" என்றாள் தங்கை.

"ஒரு துண்டு எடு."

"எனக்குச் சுகரெல்லோ."

கணவரைப் பார்த்தேன். "எனக்கு இண்டைக்கு விரதம், மச்சான்" என்றார். அவர் தேநீருடன் பிஸ்கற் தின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், அவள் காணாமல் இருக்கட்டும் என்று பெட்டியை ஸ்டேஷனில் எங்காவது கொட்டிவிட நினைத்தேன். பிறகு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஒரு துண்டு குறையுது."

"நான் சாப்பிட்டனான்."

"தெரியும் மாமா" என்று சொல்லி மூடிவைத்தாள்.

அடுத்த மாதம் தங்கை வீட்டில் ஒரு பிறந்தநாள். மகனும் பேத்தியும் போனார்கள். அவள் வேலை இருக்கிறது என்றாள். வேலை இருக்கவில்லை. நானும் போகவில்லை. மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கறி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நான் கடைசி வாய் விழுங்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.