ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கராத்தேயில் பச்சை பெல்ட். விம்கோ நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள் வகுப்பு. அவள் கேட்டுச் சேரவில்லை. பேப்பரில் வரும் செய்திகளைப் படித்துப் பயந்து நான்தான் சேர்த்தேன்.

மாஸ்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து நேராக வருவார். பிள்ளைகள் குத்து விடும்போது சட்டைக் கை எழுப்பும் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல், "மூணாவது ஆளு, தோள தூக்காத" என்பார். முதல் மூன்று மாதம் நிற்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்.

பின்னாலிருந்து யாராவது பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் பாடம் இந்த வருஷம் தொடங்கியது. குதிகாலால் மிதி, முழங்கையால் இடி, திரும்பு. ஆனால் பிடிக்கிற பிள்ளை முதலில் "பிடிக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"பொறுக்கி எவனாவது சொல்லிட்டா மாஸ்டர் வருவான்?"

"இன்னா சார் அவசரம்? ஒடம்பு மொதல்ல பயமில்லாம கத்துக்கட்டும். மிரண்டுச்சுன்னா அப்பால ஒண்ணும் ஏறாது."

அந்தக் குறையை நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வழக்கமாக அவளைப் பைக்கில் கூட்டிவருவேன். ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டருக்கு போன் செய்து, ஆபீசில் வேலை, நடந்தே வரச் சொல்லுங்கள் என்றேன். பொய். பைக்கைத் தள்ளி நிறுத்தியிருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக, பழைய தொழிற்சாலைச் சுவரோரம் அவள் பின்னாலேயே போனேன். மணி ஆறரைதான். சந்து திரும்புகிற இடத்தில் இரண்டு தோள்களையும் சேர்த்துப் பிடித்தேன்.

அவள் மிதிக்கவில்லை. இடிக்கவில்லை. முழங்கால் மடங்கி என் கையில் தொங்கினாள். பிறகு, "அப்பா... அப்பா..." என்றாள். என்னிடமிருந்து காப்பாற்ற என்னையே கூப்பிட்டாள்.

ஹெல்மெட்டின் கொக்கி விரலுக்கு அகப்படவில்லை. "நான்தாம்மா, அப்பாதான், சும்மா டெஸ்ட்டு" என்று உளறினேன். கழற்றிய பிறகு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பேண்ட் நனைந்திருந்தது, மழையில் அல்ல. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜுரம், பரீட்சை என்று சொல்லி மூன்று வகுப்பு அனுப்பவில்லை. நான்காவது வகுப்புக்கு அவளே கிளம்பிவிட்டாள். பெல்ட்டில் மேலே இருக்கிறவர்கள் முன்வரிசையில் நிற்பது வழக்கம். அவள் கடைசியில், புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட்டுகளுக்கும் பின்னால், கைப்பிடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்ச பெல்ட்டு, பால்வாடி புள்ளைங்களோட அங்க இன்னா வேல? முன்னால வாம்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. மாஸ்டர் அவளைப் பார்த்தார், பிறகு படிக்கட்டருகே நின்ற என்னிடம் வந்தார்.

"இன்னா ஆச்சு சார்? பாப்பா யாருக்கும் முதுகு காட்ட மாட்டேங்குது."

சொன்னேன்.

"உங்க போன நம்பி நான்தான சார் தனியா அனுப்புனேன்? என்னையும் சேத்து ஏமாத்திக்கீறீங்க."

கராத்தேயே வேண்டாம், நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"அதையும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா? அங்கயே நிக்கட்டும். எப்ப முன்னால வரணும்னு அவளுக்குத் தெரியும். நீங்க வாய தொறக்காதீங்க."

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

இது நடந்து மூன்று மாதமாகிறது. மகள் ஒரு வகுப்பையும் விடுவதில்லை. இப்போதும் கடைசி வரிசைதான். பைக்கில் ஏற மாட்டாள். ஏறினால் என் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கும். நடந்துதான் வருகிறோம். முதல் நாளே சொல்லிவிட்டாள்:

"நீ முன்னால போப்பா. நான் பின்னால வரேன்."

பத்தடி தள்ளி வருகிறாள். அந்தச் சந்தில் ஆள் நடமாட்டம் குறைவு. அவள் வருகிறாளா என்று பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பும்.

"திரும்பாத" என்பாள்.

நான் நடக்கிறேன்.