ஏழாவது வரிக்கு நான் டிக் போடவில்லை

இந்த வாரம் இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை வரைக்கும் பேனாவையே தொடவில்லை. எழுத வேறு விஷயமா இல்லை? கடல் தாண்டுகிற பெர்ரிப் படகில் என் மோட்டார் சைக்கிள் மேலேயே சாய்ந்து தூங்கிப்போன ஆசாமியைப் பற்றி எழுதலாம். ஆனால் போன சனிக்கிழமை பிறை டவுனில் எங்கள் தொழிற்சாலையில் நடந்த கதை ஏற்கெனவே மூன்று விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றிலும் நான் கோமாளி.

நாலாவதை நானே எழுதிவிடுகிறேன். இதிலும் நான் கோமாளிதான்... ஆனால் காரணத்தோடு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நானும் பள்ளிக்கூடமும் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை ஸ்டோரில் பெட்டி கட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் அறையில் டேப் மாற்ற ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே ஏர்கோன் இருக்கிறது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன்.

அன்றிலிருந்து 'தற்காலிகம்'. எங்கள் மேனேஜர் சிவபாலன் சார் போன மாதம் ஒரு வாக்குக் கொடுத்தார். இந்த அப்கிரேட் ஒழுங்காக முடிந்தால் எனக்கு நிரந்தர வேலை. சொதப்பினால் திரும்ப ஸ்டோர். சனிக்கிழமை நான் பணயம் வைத்திருந்தது அதைத்தான்.

என்ன அப்கிரேட்? பயப்படாதீர்கள், பெர்ரி ஏறத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

எங்கள் அறையில் இரண்டு யூனிக்ஸ் மிஷின்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு என்று நம்பர் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பது இவைதான். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஒரு பெட்டிகூட நகராது. அதனால்தான் இரண்டு. ஒரு பெர்ரி நடுக்கடலில் நின்றுபோனால் இன்னொரு பெர்ரி வந்து ஆட்களை ஏற்றிக்கொள்கிற மாதிரி, ஒரு மிஷின் செத்தால் இன்னொன்று அதன் வேலையைத் தூக்கிக்கொள்ளவேண்டும். அப்படித் தூக்கிக்கொள்ள வைக்கிற சாஃப்ட்வேருக்குப் பெயர் கிளஸ்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். அதன் வழியாக "இருக்கியா?" "இருக்கேன்" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். புதுக் கல்யாண ஜோடி மாதிரி.

அந்த சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது. புதுசு போட கோலாலம்பூரிலிருந்து ரவீந்திரன் என்ற இன்ஜினியர் வந்தார். பட்டதாரி. சட்டைப் பையில் நாலு பேனா. நல்ல மனுஷன்தான், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆறு மணிக்கு அவருக்கு பிளேன். அதுதான் குறை.

காலையிலேயே வேலையை ஆரம்பித்தார். ஒன்றாம் மிஷினின் வேலையை இரண்டுக்கு மாற்றினார். ஒன்றில் புது சாஃப்ட்வேரை ஏற்றினார். ரீஸ்டார்ட். வேலையைத் திரும்ப ஒன்றுக்கு மாற்றிவிட்டு, இரண்டில் ஏற்றினார். பெட்டி நகர்கிற லைன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கீழே ஸ்டிக்கர் வந்துகொண்டே இருந்தது. அழகான வேலை. நான் பக்கத்தில் நின்று சி.டி. எடுத்துக் கொடுத்தேன், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி.

மத்தியானம் இரண்டு மணிக்கு லைனை நிறுத்தினார்கள். மற்ற மிஷின்களுக்கு எண்ணெய் போட, ஆறு மணி வரைக்கும். ரவீந்திரன் வேலை முடிந்தது என்று காட்டுகிற பாரத்தை, அதாவது படிவத்தை, எடுத்தார். பதினோரு வரி. சர்ர்ர் என்று பதினொன்றுக்கும் டிக் போட்டார். அவர் கையெழுத்து, சார் கையெழுத்து, ஆபரேட்டர் கையெழுத்து. மூன்றும் வேண்டும்.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளினார்.

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். படித்தவர்கள் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே படித்து முடித்துவிடுவார்கள். நான் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத்தான் போகவேண்டும். இதில் ஒரு தொல்லை... எந்த வரியையும் தாண்ட முடியாது. ஏழாவது வரியில் விரல் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற மிஷினின் கரண்டை நிறுத்தி, மற்றது வேலையை எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும். டிக் இருந்தது. நிறுத்தியதை நான் பார்க்கவில்லை.

"பாஸ், ஏழாவது எப்ப செஞ்சீங்க?"

"காலையில ரெண்டு தடவ மாத்தினோமே தம்பி. நீங்களும் பாத்தீங்கதானே."

"அது கமாண்ட் அடிச்சு மாத்தினது. நீங்க மரியாதையா சொன்னீங்க, அது மரியாதையா போச்சு. கரண்ட்டு போறப்ப உங்ககிட்ட சொல்லிட்டா போகும்?"

அவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. சிவபாலன் சார் யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்தவர். வீட்டில் பேசுகிற தமிழை சார் கோபம் வந்தால் மட்டும் ஆபீசுக்குக் கொண்டுவருவார்.

"என்ன ஐசே, கையெழுத்தைப் போடும். அவருக்கு பிளேன் இருக்கு."

"ஒரு தடவ சுவிட்ச அடைச்சுப் பாத்துட்டுப் போடுறேன் சார்."

"ஓடுற மெஷினை நிப்பாட்டிறதோ? உமக்கென்ன விசரே?"

"இப்ப லைன் நிக்குது சார். இப்ப அடைக்கலன்னா எப்ப அடைக்கிறது?"

"மூண்டு வருசமா நிக்காமல் ஓடுது. இதை முதல் பூட்டினபோதும் இப்பிடித்தான் கையெழுத்துப் போட்டனாங்கள்."

கவனித்தீர்களா? மூன்று வருஷத்துக்கு முன்னாலும் ஏழாவது வரிக்கு டிக் மட்டும்தான். நம்மில் எத்தனை பேர் காரில் ஸ்பேர் டயர் வைத்திருக்கிறோம்? அதற்குக் காற்று இருக்கிறதா என்று எத்தனை பேர் குனிந்து பார்த்தோம்? டயர் இருக்கிறது என்ற தைரியத்திலேயே ஈப்போ வரைக்கும் போய்விடுகிறோம்.

"சார், அந்த வரிய வெட்டிட்டுக் குடுங்க. மத்த பத்துக்கும் இப்பவே போடுறேன்."

"வெட்டேலாது."

"அப்ப அடைக்கேலும்," என்றேன். அவர் தமிழிலேயே. கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோருக்குப் போகிற பாதை என் கண்ணில் தெரிந்தது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் 'ஆபரேட்டர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே' என்று யாரைக் கேட்பார்கள்? ஆபரேட்டரைத்தான். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத, மூன்றாம் பாரம் ஃபெயிலானவனுக்கும் கூச்சம் உண்டு.

சார் கையைக் கட்டிக்கொண்டார். "சரி. நிப்பாட்டும். உம்முடைய பொறுப்பு."

வேலை ஒன்றாம் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அதற்கென்று ஒரு பிளக் பாயிண்ட், நம்பர் போட்டே இருக்கும். நான் சும்மா தட்டியிருக்கலாம். இல்லை... சாரையும் ரவீந்திரனையும் ஒரு பார்வை பார்த்து, மேஜிக் காட்டுகிறவன் மாதிரி கையை உயர்த்தி, சுவிட்சைத் தட்டினேன்.

கம்ப்யூட்டர் அறையில் ஒரு இரைச்சல் இருக்கும். அது இருக்கிறது என்றே தெரியாது. நின்றால்தான் தெரியும்.

நின்றது. பாதி இல்லை. முழுசாக.

ஒன்றும் செத்தது. இரண்டும் செத்தது.

நான் அவசரமாகச் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். ரவீந்திரன் டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிஷின்களுக்குப் பின்னால் தவழ்ந்து போனார். அங்கிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"தம்பி... இங்க என்ன கலர் கலரா மின்னுது?"

எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆயுத பூஜை. நாலு மாசத்துக்கு முன்னால். எங்கள் தொழிற்சாலையில் அன்றைக்கு போர்க்லிப்ட்டிலிருந்து தராசு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். எங்கள் மிஷின்களுக்கு மட்டும் ஏன் வைக்கக்கூடாது? இரண்டாம் மிஷினை நிறுத்தித் துடைத்தேன், குங்குமம் வைத்தேன், பூ வைத்தேன். இரண்டு மிஷினையும் சுற்றி கலர் பல்பு மாலை. மாலைக்கு பிளக் வேண்டுமே? இரண்டாம் மிஷினின் பிளக்கைக் கழற்றி, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, ஒன்றாம் மிஷினின் பாயிண்டிலேயே சேர்த்துச் சொருகினேன். காலியான பாயிண்டில் பல்பு. பூஜை முடிந்தது. சுண்டல் சாப்பிட்டோம். மாலையைச் சுருட்டிப் பின்னால் தள்ளியவன், பிளக்கை மறந்துவிட்டேன்.

நாலு மாசமாக இரண்டு பெர்ரியையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தேன். தனிக் கரண்டில், ஒரு குறையும் இல்லாமல், மினுக் மினுக் என்று ஓடிக்கொண்டிருந்தது பல்பு மாலைதான்.

ரவீந்திரன் வெளியே வந்தார். கையில் எக்ஸ்டென்ஷன் வயர். அதிலும் ஒரு குங்குமப் பொட்டு. அதையும் விட்டுவைக்கவில்லை நான்.

"யார் செய்த வேலை இது?" என்றார் சார்.

ரவீந்திரன் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே... "வயரிங் பிரச்சினைன்னு எழுதிடலாம் சார். எலெக்ட்ரிஷியன் யாராச்சும் மாத்தியிருப்பாங்க," என்றார்.

தப்பிக்க அவர் கதவைத் திறந்துதான் வைத்தார், நுழைந்திருக்கலாம். ஆனால் அரை மணி நேரம் முன்னால்தான் பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வீரவசனம் பேசியிருக்கிறேன். இப்போது செய்ததை இல்லை என்று சொன்னால், அந்த ஏழாவது வரி என்னைப் பார்த்துச் சிரிக்காதா?

"நான்தான் சார். ஆயுத பூஜைக்கு லைட்டு போட்டேன். மாத்தி வைக்க மறந்துட்டேன்."

"ஸ்டோருக்குப் போற வழி தெரியும்தானே உமக்கு?"

"தெரியும் சார். முன்ன தெனம் நடந்த வழிதான். ஆனா பிளக்க மாத்திட்டு, இன்னொரு தடவ அடைச்சுப் பாத்துட்டுப் போறேன்."

"இன்னொரு தரமோ?"

"இப்பத் தெரிஞ்சது என் பிளக் சரியில்லன்னு. கிளஸ்டர் சரியா இருக்கான்னு இன்னும் தெரியல சார்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டென்று செத்த யூனிக்ஸ் மிஷின் எழுந்ததும் உடனே வேலைக்குப் போகாது. தன் டிஸ்க்கை மூலை மூலையாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வரும். பிளக்குகளை அதனதன் இடத்தில் சொருகிவிட்டு, மூன்று பேரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை. நாலு. சோதனை முடிந்தபாடில்லை. ஆறு மணிக்கு அடுத்த ஷிப்ட் வந்துவிடும். எந்தப் பெட்டிக்கு எந்த ஸ்டிக்கர் என்ற கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில். அது கெட்டிருந்தால்? அப்புறம் ஸ்டோரில்கூட எனக்கு இடம் இருக்காது. நான் இரண்டு முறை பாத்ரூம் போனேன். வேலை இல்லாமலே போனேன்.

நாலே காலுக்கு இரண்டும் எழுந்தன. ரவீந்திரன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு ஸ்டிக்கர்கூடத் தொலையவில்லை.

"இந்தத் தடவ நீங்க அடைங்க சார்," என்றேன்.

சார் எழுந்தார். சுவிட்ச் மேல் விரலை வைத்தார். அந்த விரல் கொஞ்சம் யோசித்ததை நான் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார்.

தட்டினார். ஒன்று செத்தது. பாதி இரைச்சல் மிச்சம் இருந்தது.

இரண்டு என்ன செய்யும்? "இருக்கியா?" என்று கேட்கும். பதில் இல்லை. மறுபடி கேட்கும். ஸ்கிரீனில் ஒன்றுமே நகரவில்லை. ரவீந்திரன் வாட்சைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போனது. நான் குங்குமத்தைப் பார்த்தேன்...

மூலையில் இருந்த ஸ்டிக்கர் பிரிண்டர் கிர்ர்ர் என்றது. ஒரு ஸ்டிக்கர் நாக்கை நீட்டியது.

சார் அதைக் கிழித்து, கண்ணாடியை ஏற்றிப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பாரத்தை எடுத்தேன். ஏழாவது வரியில் ரவீந்திரன் போட்ட டிக்கின் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதினேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்: முதல் தடவை இரண்டும் செத்தன, காரணம் என் பிளக், இரண்டாவது தடவை சரி. கீழே கையெழுத்து. சார் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் வெட்டவில்லை. ரவீந்திரன் பிளேனைப் பிடித்துவிட்டாராம், கடைசி ஆளாக.

திங்கட்கிழமை கதவில் ஒரு நோட்டீஸ். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுவிட்சை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். கீழே சாரின் கையெழுத்து. யோசனை அவருடையது போலவே இருந்தது. இருக்கட்டும். என் நிரந்தர வேலைக் கடிதம் இன்னும் வரவில்லை. ஸ்டோருக்குப் போ என்ற கடிதமும் வரவில்லை. எது வந்தாலும் சரி, அந்த பாரத்தில் நான் எழுதிய வரி எழுதியதுதான். ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

நேற்று கேன்டீனில், போர்க்லிப்ட் ஓட்டுகிற என் கூட்டாளி முனியாண்டியிடம் இதையெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நான் பிடிவாதம் பிடித்து அந்தச் சுவிட்சை அடைத்தேனே, அடைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், கொஞ்சம் யோசித்துப் பார் என்றேன்.

அவன் பால் போடாத தே ஓவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னான்: "அடுத்த ஆயுத பூஜைக்கு நீ எண்ணெ விளக்கே ஏத்துலா, அதுக்கு பிளக் வேணாம்."