கட்டைவிரல் வைக்காத சங்கம்

ஸ்டெல்லாம்மா இறந்த செய்தியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். எழுபத்தொரு வயதில், பிறர் வாயால் கேட்காமல் நானாகப் படித்த முதல் சாவுச் செய்தி அது. நம் சங்கச் செயலாளர் சேகர் போனில் அனுப்பியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பாதி வரைக்கும், தடுமாறாமல் படிக்கிறேனே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசிச் சொல்லுக்கு வந்ததும், தப்பாகப் படித்திருப்பேனோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். தப்பில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இருந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில், லோத்குண்டாவில், கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் ஸ்டெல்லாம்மா பாலிஷ் வேலை செய்தார். நான் அங்கே தச்சன். என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அண்ணே என்பார். எங்களில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் சங்கம் தொடங்கியபோது உறுப்பினர் புத்தகம் அவர் கைக்குப் போனது.

பெயர்களை எழுதிவிட்டு, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை டப்பாவை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, டப்பாவை மூடிவிட்டார். “விரலை எவன் வேணா புடிச்சு அமுக்கிடலாம்ணே. உங்க கை தானா போடுறது ஏதாவது இருக்கா?” என்றார். என்னோடு தச்சு வேலை செய்த யாதையா, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தன் பெயருக்கு எதிரே ஒரு பிறையும் இரண்டு கோடும் போட்டார். அது அவருடைய குறி. கதவுச் சட்டத்தில் எந்த முனை எந்தத் துளையில் ஏற வேண்டும் என்று தெரிய, இரண்டிலும் ஒரே குறியைப் போட்டு வைப்போம். ஒவ்வொரு தச்சனுக்கும் தனிக் குறி உண்டு. என்னுடையது ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி. அன்று எல்லோரும் அவரவர் குறியைப் போட்டோம். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் ஸ்டெல்லாம்மாவிடம் காட்டுவது, எதிலும் கட்டைவிரல் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அது எங்களுக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

பிறகு வட்ட ரம்பம் யாதையாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அந்த ரம்பத்துக்கு மேல்மூடி கிடையாது. மூடி போடச் சொல்லி சங்கம் முன்பே கேட்டிருந்தது. ஆனால் முதலாளி, யாதையாவின் அஜாக்கிரதைதான் காரணம் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். சங்கம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தார். எல்லோருக்கும் யூனிஃபார்ம் தைக்கப் போகிறார்கள், சம்மதம் என்று விரல் வைக்க வேண்டும் என்றார். ஸ்டெல்லாம்மா அன்று வரவில்லை.

“அந்தம்மாகிட்ட காட்டிட்டு வைக்கிறேன்” என்றேன்.

“சட்டை தைக்கிறதுக்கும் அந்தம்மாகிட்ட கேக்கணுமா? வீட்டுக்காரிக்குக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்ட போலிருக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல் விரலை வைத்தேன். என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வைத்தார்கள். விரலில் இருந்த மை அன்றே போய்விட்டது. ஸ்டெல்லாம்மாவிடம் சொல்ல நான்கு நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

விசாரணையில் முதலாளியின் வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்தார். மேல்மூடி இருந்தது, யாதையாதான் அதைக் கழற்றினார், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே பதினொரு விரல் ரேகை. அதிகாரி அதைத் தெலுங்கில் சத்தமாகப் படித்தார்; யூனிஃபார்ம் என்ற சொல்லே வரவில்லை. பக்கத்தில் யாதையா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லாம்மா தயங்கவே இல்லை. எழுந்து உறுப்பினர் புத்தகத்தை மேஜைமேல் விரித்தார். “எங்க ஆளுங்க கட்டைவிரல் வைக்கிறதில்ல சார். குறிதான் போடுவாங்க. இது எங்களோடது இல்ல” என்றார்.

“அப்படியானால் இங்கேயே ரேகை எடுத்துப் பார்த்துவிடலாம்” என்றார் வக்கீல்.

“எடுங்க” என்றார் ஸ்டெல்லாம்மா. திரும்பி எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை.

மேஜைக்கு மை டப்பா வந்தது. ரேகை பொருந்திவிட்டால் அவர் பொய் சொன்னவர் ஆவார், சங்கத்தின் பேச்சு எடுபடாது, யாதையாவுக்கு வேலையும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. எழுந்தால் என் வேலை போகும் என்பதும் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“அதுல ஒண்ணு என்னோடதுங்க. யூனிஃபார்ம்னு சொன்னாங்க, வச்சேன்.”

“படிக்காமலா வைத்தாய்?” என்று அதிகாரி கேட்டார்.

“படிக்கத் தெரியாதுங்க. மூடியை நான் பார்த்ததே இல்ல. பார்த்தேன்னு நான் எப்படிச் சொல்வேன்?”

பிறகு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் எழவில்லை, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஸ்டெல்லாம்மா என்னைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த புத்தகத்தை மெல்ல மூடினார்.

அதிகாரி ரம்பத்தை நேரில் பார்க்க ஆள் அனுப்பினார். வந்தவர் மெஷின் மேஜையை நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். மூடியை முடுக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. மாட்டவே இல்லாததை யாதையா எப்படிக் கழற்றுவார்? அதன் பிறகு மூடி வந்தது. யாதையாவும் மரம் அடுக்கும் வேலைக்குத் திரும்பி வந்தார்.

ஆனால் விசாரணை முடிந்த அன்றே, பஸ் நிறுத்தத்தில், ஸ்டெல்லாம்மா என்னிடம் கேட்டார்.

“நாலு நாள் கூடவே இருந்தீங்களேண்ணே.”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

“என்மேலயும் தப்பு இருக்கு. குறி போடுறதே பெருமைன்னு உங்கள எல்லாம் அதுலயே நிறுத்திட்டேன். படிக்கச் சொல்லிக்குடுத்திருக்கணும்.”

அடுத்த மாதமே சங்க அறையில் வகுப்பு தொடங்கினார். நான் போகவில்லை, அந்த வெட்கம் அப்படியே இருந்தது. வயதாகி வேலையிலிருந்து நின்ற பிறகும் பல வருஷம் போகவில்லை. போன வருஷம் அவரே ஞாயிறு பூசை முடிந்ததும் மல்காஜ்கிரிக்கு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மரம் தேய்த்துத் தேய்ந்துபோன உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிக் கொண்டுவருவார். என் பேத்திகள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். “சிரிக்கட்டும்ணே, இந்தத் தடவ விரல நீட்டிடாதீங்க” என்பார். நான் மெதுவாகப் படிக்கிறேன் என்று அலுத்துக்கொண்டபோது, “அவசரம் காகிதம் கொண்டுவர்றவனுக்குத்தான். நீங்க படிச்சு முடிக்கிறவரைக்கும் அவன் நிக்கட்டும்” என்றார்.

போன ஞாயிறு இரங்கல் கூட்டத்தில் தீர்மானம் கையெழுத்துக்கு வந்தது. நான் முழுக்கப் படித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நடுவில் ஒரு வரி இருந்தது: ‘எங்கள் சங்கத்தினர் ஒருவர்கூட எக்காகிதத்திலும் கட்டைவிரல் வைத்ததில்லை என்ற பெருமையைத் தந்தவர்.’

“இந்த வரிய எடுத்துடுங்க” என்றேன்.

“நல்ல வரிதானே மாமா, இருக்கட்டுமே” என்றார் சேகர்.

“நல்ல வரிதான். ஆனா நாங்க பதினொரு பேர் வச்சோம். இத நம்பித்தான் அவங்க அன்னைக்கு அதிகாரி முன்னாடி மாட்டிக்கிட்டாங்க.”

முன்வரிசையில் இருந்த யாதையா, மூன்று விரல் கையைத் தூக்கினார். “ஹவ், நிகாலோ” என்றார், ஆமாம், எடுத்துவிடுங்கள் என்று உருதுவில். சேகர் அந்த வரியை அடித்தார்.

ஸ்டெல்லாம்மா எழுதித் தந்த உப்புத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன. முன்பக்கம் மணல் எல்லாம் உதிர்ந்துவிட்டது; பின்பக்கம் அவருடைய எழுத்தும், அதன்கீழ் கோணலாக என்னுடையதும். அவற்றோடு, பிறரை நிற்க வைத்துப் படிக்கும் பழக்கத்தையும் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அடித்த வரி போக மீதியை அன்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். வரிசை நின்றது. பிறகுதான் கீழே என் பெயரை மாணிக்கம் என்று எழுதினேன்.