வெயிலடித்தால் வராதவர்கள்

விருதுநகரில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. மாதச் சம்பளம் இரண்டாயிரத்துச் சொச்சம். வருகிறவர்களுக்கு நம்பர், திரும்ப வர வேண்டியவர்களுக்குத் தேதி, தேதிக்கு வராதவர்களுக்குத் தனியாக ஒரு நோட்டு. தவறியவர்கள் அடுத்து வரும்போது, "ஏன் வரல?" என்று கேட்காமல் உள்ளே விடமாட்டேன். பதில்களுக்காகவே கேட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"வலி கொறஞ்சிருச்சு, அதான் வரல" என்பார் ஒருவர். "வலி கூடிருச்சு, எப்படி வர?" என்பார் அடுத்தவர். வெள்ளாடு குட்டி போட்டதால் வரவில்லை என்ற ஒரு பெரியவரிடம், "ஆட்டுக்கு நீங்களா பிரசவம் பாத்தீக?" என்று கேட்டேன். "பின்ன, உங்க டாக்டரா வருவாரு?" என்றார். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பேசக் கற்றுக்கொண்டது இந்த ஆட்களிடம்தான்.

ஆனாலும் நோட்டில் கண்டிப்பாக இருப்பேன். வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஆவணி மாதம், ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. குழந்தைக்குப் பிறவியிலேயே வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, அடிப்பாதம் வானத்தைப் பார்த்தது. டாக்டர் சிரித்தபடியே பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நேராயிரும்மா. வாராவாரம் மாவுக்கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய திருப்பணும். ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது" என்றார்.

குழந்தைகளுக்குக் கட்டுப் போடுவது புதன்கிழமை மட்டும், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. அம்மாவும் கூட இருந்தே ஆக வேண்டும். பால் குடித்துக்கொண்டிருந்தால்தான் குழந்தை காலை உதறாமல் இருக்கும். வேறு யார் தூக்கிவந்தாலும் கட்டுப் போட முடியாது.

மழையோடு மழையாக இரண்டு கட்டு ஒழுங்காக நடந்தது. மூன்றாவது புதன் அவள் வரவில்லை. நான்காவது புதனும் வரவில்லை. அவள் ஊர்க் கடையில் இருந்த காசு போனுக்கு அழைத்தேன். எடுத்தவர், "சொல்லிர்றேன், சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டார். மூன்றாவது கோட்டுக்குக் காத்திருக்காமல், இரண்டு சிவப்புக் கோட்டையும் டாக்டரிடம் காட்டினேன்.

"இன்னும் ஒரு வாரம் தவறினா நான் கட்டு போடுறதுல அர்த்தமில்ல. மதுரைக்கு எழுதிர்றேன், ஆபரேஷன் பண்ணிக்கட்டும்" என்றார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. கிளினிக் நிரம்பி வழிந்தது. கூட்டத்துக்கு நடுவே தொப்பலாக நனைந்து அவள் நின்றாள். குழந்தையின் கட்டை மட்டும் பாலித்தீன் பையில் சுற்றி, நனையாமல் வைத்திருந்தாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. "புதன்கிழமைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. எங்கம்மா போன?"

"புதன்கிழமை வெயிலடிச்சுச்சுல்லக்கா."

"வெயிலடிச்சா? குடை பிடிச்சு வர வேண்டியதுதான!"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க எந்த ஊருக்கா?"

"காரியாபட்டிப் பக்கம். எங்க வீட்ல விவசாயம்."

"அதான பாத்தேன். வெயிலடிச்சா பட்டாசு மருந்து காயும். மருந்து காஞ்சா ஏழரைக்கு வேன் வந்து நிக்கும். தீபாவளி சீசன்க்கா, ஞாயித்துக்கெழமைகூட லீவு கெடையாது. ஒரு நாள் நின்னாப் போதும், போர்மேன் என் எடத்துல வேற ஆள உக்கார வச்சிருவாரு. மழை பேஞ்சாத்தான் எங்களுக்கு லீவு. போன வெள்ளிக்கெழமையும் மழையில வந்தேனே! நீங்கதான் புதன்கெழமை வான்னு தொரத்துனீக."

விரட்டியது எனக்கு நினைவிருந்தது. அன்றும் இப்படித்தான் கூட்டம்.

"வரலன்னு எழுதாதீக அக்கா. வர முடியலன்னு எழுதுங்க" என்றாள்.

மழை பெய்தால் வேலை என்று வளர்ந்தவள் நான். மழை பெய்தால் விடுமுறை என்று ஒரு கூட்டமே பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருப்பது நாலு வருடமாக என் மூளையில் ஏறவில்லை. அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். என் கோடு வாங்கியவர்களில் பாதிப்பேர் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்கள். கோடு விழுந்ததெல்லாம் சுள்ளென்று காய்ந்த நாட்கள். மழை நாட்களில் வரச் சொல்லாமலே வந்து நின்றவர்களும் அதே ஆட்கள்தான்.

நோட்டோடு டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கே கட்டுப் போடணும்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா."

"அது நமக்கு வெள்ளி சார். அவங்களுக்கு மழைக்கிழமை."

சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் மிச்சத்தையும் கொட்டினேன். "மழை பேஞ்சா எந்தக் கிழமைனாலும் கட்டுப் போடணும். மழை இல்லாட்டி புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு. ஆறரைக்குள்ள முடிச்சு விட்டா, பஸ் ஏறி ஏழரை வேனைப் பிடிச்சிருவாக."

"ஆறு மணிக்கா! நானும் மனுசன்தானே?"

"மாடி வீட்டுல இருந்து எறங்கி வர்றதுக்கு எத்தனை பஸ் மாறணும் சார்?"

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரு புதன் பாப்போம். அவ வரலன்னா பத்து மணிதான். பேச்சில்ல" என்று சொல்லி, அன்றைக்கே மூன்றாவது கட்டைப் போட்டார். பாதம் பழையபடி உள்பக்கம் திரும்பியிருந்தது. பட்ட பாட்டில் பாதி போய்விட்டதாக முணுமுணுத்தார்.

அந்தப் புதன்கிழமை ஐந்தரைக்கே கிளினிக்கைத் திறந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு மணிக்கு டாக்டர் காபி டம்ளரோடு இறங்கி வந்தார். ஆறு ஐந்து. ஆறு பத்து. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

ஆறு பன்னிரண்டுக்குத் தெரு முனையில் அவள் தெரிந்தாள். சோத்துத் தூக்கு ஒரு கையில், பிள்ளை ஒரு கையில், ஓட்டமும் நடையுமாக. பழைய கட்டை வீட்டிலேயே தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, காலைத் துடைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், எல்லார் கையிலும் தூக்குச் சட்டி.

"இவுகளும் எங்க வேனுதான். இவுகளுக்கும் ஒங்க நோட்டுல கோடு இருக்காம்ல?" என்றாள்.

"ஏய், நீ மொதல்ல போ, எனக்கு முட்டிதான், அது எங்கயும் ஓடிராது" என்று அவளை உள்ளே தள்ளினாள் மூத்தவள் ஒருத்தி.

டாக்டர் காபியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஆறு முப்பத்தைந்துக்கு ஐந்து பேரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்கள். அன்று நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

அதன் பிறகு அவள் ஒரு கட்டும் தவறவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம், கம்பெனியே தலைகீழாக நின்ற நேரத்தில்கூட ஆறு மணிக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் பாதம் ஒரு விரற்கடை வெளியே வந்தது. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். குழந்தையைத் தூக்கி மேஜைமேல் நிறுத்திப் பிடித்தார். இரண்டு உள்ளங்காலும் மேஜையில் அப்படியே படிந்தன. அவள் குனிந்து, மேஜைக்கும் பாதத்துக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"நொழையலக்கா!" என்று கத்தினாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு, பாதம் மறுபடி மடங்காமலிருக்க இரவில் மாட்டிவிடுவதற்குக் கம்பி வைத்த செருப்பு, மாதம் ஒரு தடவை சோதனை. எல்லாமே ஆறு மணிக்குத்தான். மறு வருடம் ஒரு மழை நாளில் தாயும் மகளும் வந்திருந்தார்கள். அம்மா என்னோடு பேச்சு சுவாரசியத்தில் கையை விட, அந்தச் சின்னது வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்து ஓடியது.

"ஏ புள்ள, நில்லு! ஓடாத!" என்று அவள் எழுந்தாள்.

"ஓடட்டும் விடுங்க" என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது.