பதினான்கு முதல் பத்தொன்பது வரை

சுண்டுவிரல் அளவே இருக்கும் பிளாஸ்டிக் குழாய். மூடியின்மேல் ஓர் எண், பக்கவாட்டில் அதே எண், உள்ளே ஸ்பிரிட்டில் நனைந்து கிடக்கும் காகிதத் துண்டில் பென்சிலால் மறுபடியும் அதே எண். மூன்று இடத்திலும் எழுதாமல் எங்கள் ஆய்வக உதவியாளர் எந்தக் குழாயையும் மூடமாட்டார். "வெளிய எழுதுனது அழிஞ்சாலும் உள்ள இருக்கறது இருக்குமுங்க அம்மிணி" என்பார். நாற்பதைத் தாண்டியவர், ஒப்பந்த ஊழியர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சேலம், நாமக்கல் பக்கத்து ஏரிகளில் என்னென்ன மீன்கள் மிச்சமிருக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. கண்ணால் பார்த்துப் பெயர் எழுதுவதோடு நிற்காமல், ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் சிறு துண்டு வெட்டி, அதன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் படித்து வர அனுப்புவோம். கடைச் சாமான்களில் இருக்கும் பார்கோடு போல அந்தப் பகுதி இனத்துக்கு இனம் மாறும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மீன்களையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் அண்ணனின் சொந்த ஊர் ஏரிக்கும் போனோம். வலையில் ஆறு கெளுத்திக் குஞ்சுகள் சிக்கின. கூட வந்திருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, நாட்டுக் கெளுத்தி என்றார். அண்ணன் முகத்தில் அன்று நான் பார்த்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "எங்க ஏரி மீனுங்க சார். எங்கெங்கயோ அத்துப்போச்சுன்னு சொல்றாங்க, இங்க இருக்குது பாருங்க" என்று கரையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேலம் மீன் சந்தையில் இரண்டு ஆப்பிரிக்கக் கெளுத்திகளும் வாங்கினோம். வளர்க்கக் கூடாது என்று தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்த்து விற்கப்படும் மீன் அது. ஏரிக்குள் தப்பிவிட்டால் மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

அன்று பிற்பகல் நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அண்ணன் துடுப்பை வெட்டிக் குழாயில் போட்டார். பதினான்கு முதல் பத்தொன்பது வரை ஏரி மீன்கள். இருபதும் இருபத்தொன்றும் சந்தை மீன்கள். ஒவ்வொரு மீனுக்கும் கத்திரிக்கோலைக் கழுவி, தீயில் காட்டி, அடுத்ததைத் தொட்டார். வெட்டி முடித்த மீன்களை அதே எண்ணோடு முழுசாகப் பாட்டில்களில் போட்டு வைத்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தபோது எட்டுமே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று இருந்தது. பேராசிரியருக்குத் தன் கண்மேல் சந்தேகமே வரவில்லை. சந்தை மீனின் துடுப்பையே எல்லாக் குழாயிலும் போட்டுவிட்டதாக எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு அண்ணனிடம் கத்தினார்.

"இல்லீங்க சார். மீனு முழுசா பாட்டில்லதான இருக்குது. எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சு போயிருமுங்க" என்றார் அண்ணன்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானம்மா இருந்த? பாத்தியா?"

அண்ணனும் என்னைப் பார்த்தார். என் ஆய்வேட்டில் பேராசிரியரின் கையெழுத்து விழ வேண்டியிருந்தது. நான் கடன்காரி மகள் இல்லை, பசியில் வாடியவள் இல்லை. சொல்லிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் கிடையாது. பயம், அவ்வளவுதான். "சரியா கவனிக்கல சார்" என்றேன்.

அந்த மாதத்தோடு அண்ணனை நிறுத்திவிட்டார்கள். போகும் நாளில் கத்திரிக்கோல்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, "வாரேனுங்க அம்மிணி, நல்லா முடிங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு முடிவுகளையும் நீக்கிவிட்டு, அந்த ஏரியில் நாட்டுக் கெளுத்தி உண்டு என்று எழுதி நான் நல்லபடியாக முடித்தேன்.

இப்போது நாமக்கல்லில் பாடம் நடத்துகிறேன். இந்த ஆண்டு மாணவிகளோடு அதே ஏரியில் மறுபடி மீன் எடுத்தோம். கெளுத்தி அத்தனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாளே பழைய கல்லூரிக்குப் போய், பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் அலமாரியில் கிடந்த பாட்டில்களைக் கேட்டு வாங்கித் திறந்தேன். செவுளுக்குள் சீப்புப் பல்போல இருக்கும் முட்கள் நாட்டு மீனுக்கு விலகி இருக்கும். அந்த ஆறு மீன்களுக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்குப்போலவே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பார்த்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

விசாரித்துக்கொண்டு போனபோது அண்ணன் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்து வந்து, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்களே பாக்கலேன்னு சொன்னீங்களா, அதுக்கப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க அம்மிணி. நாந்தான் மாத்திப் போட்டுட்டனாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பவும் எங்கம்மாளுக்கு மாத்திரை குடுக்கறதுன்னா ஊட்டுக்காரிகிட்ட ஒருக்காக் காட்டிட்டுத்தான் குடுக்கறதுங்க."

"பாத்தேண்ணா. ஆறையும் பாத்தேன். நீங்க மாத்தல. நான்தான் பொய் சொன்னேன்."

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்:

"அப்ப அன்னைக்கே எங்க ஏரில நாட்டுக் கெளுத்தி இல்லீங்களா?"

"நாம புடிச்சதுல இல்லண்ணா. இப்பவும் ஒண்ணுகூடக் கெடைக்கல."

ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கிருந்து அது தெரியாது.

"அதுக்கு நாந் தப்புப் பண்ணுனதாவே இருந்திருக்கலாமுங்க அம்மிணி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, தலையசைத்துவிட்டுத் தறிச் சத்தத்துக்குள் போய்விட்டார். நாமக்கல்லில் பேருந்து ஏறும்போது, அவருக்கு நல்ல சேதி கொண்டுபோவதாகத்தான் நினைத்திருந்தேன்.