இரும்பு கால்சட்டை போட்ட விதம்

என் தம்பியைப் போல ஒரு முட்டாளை விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மைதானத்தில் அவனுக்கு இரும்பு என்று பெயர். எவன் காலை வாரிவிட்டாலும் முகம் சுளிக்காமல் எழுந்து ஓடுவானாம், அதற்காக. அந்தப் பெயரை வைத்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், இருக்கிறது அவனுக்கு.

மின்சார அலுவலகத்தின் கால்பந்து அணியில் பத்து வருடமாகத் தடுப்பாட்டக்காரன். காலையில் வீடு வீடாக மீட்டர் பார்ப்பான், மாலையில் பந்து. பந்துக்காகத்தான் அந்த வேலையையே கொடுத்தார்கள். கால் ஓடுகிறவரை நாற்காலி உண்டு, அவ்வளவுதான்.

நான் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கப் படியில் ஏறுகிற கால்களைப் பார்த்தே வயதாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினான். வலது காலை வைத்து ஏறி, இடது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டான்.

"என்னடா கால்ல?"

"ஒண்ணும் இல்லக்கா. டிக்கெட்டக் குடு."

ஒன்றும் இல்லையாம்! தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அண்ணி, என்று அவன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். வலி தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில். படுக்கையில் புரண்டு படுக்க முடியாது. ஆனால் மைதானத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். வலிக்கிறது என்று சொன்னவன் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்தவனாம். மாத்திரையை விழுங்குவான், ஆடுவான், ராத்திரி பல்லைக் கடிப்பான்.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டு, கடைசியில் நான் போட்ட சத்தத்தில் பிசியோதெரபிஸ்டிடம் போனான். நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குறையவில்லை. இனி அறுவை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு கோச்சிடம் போய் நின்றால், அந்த மனுஷன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே சிரித்தாராம்.

"ஆபரேஷன் வேணும்னு டாக்டர் எழுதித் தரட்டும், மூணு மாசம் லீவு. ஒண்ணும் இல்லைன்னு எழுதினா ஞாயித்துக்கிழமை நீ ஆடணும். இல்லைன்னா டீமும் கிடையாது, ஆபீசும் கிடையாது."

ஆக எல்லாம் அந்த டாக்டரின் பேனாவில் இருந்தது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனான்; நானும் லீவு போட்டுக் கூடவே போனேன்.

டாக்டரின் அறையில் ஒரு மேசை, ஒரு நீளக் கட்டில், அதை மறைக்கிற பச்சைத் திரை. அவருக்குப் பேசவே நேரமில்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு முட்டிக்கும் நடுவுல என் கைய வச்சிருக்கேன். நெருக்கு. வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அட, என் கையே நசுங்குது! எந்திரிச்சு உக்காரு. இருமு. இப்போ?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடப்பாவி, இதற்குத்தானா லீவு போட்டேன்?

டாக்டர் வெளியே வந்து கை கழுவினார். "ஸ்கேன்ல லேசான மாற்றம்தான்மா. இந்த மாதிரி ஸ்கேன் இருக்கிற ஆட்டக்காரங்க எத்தனையோ பேர் வலியே இல்லாம ஓடுறாங்க. வலி இல்லாதவனை நான் எதுக்கு அறுக்கணும்?" பேனாவைத் திறந்தார்.

"அவன் பொய் சொல்றான் டாக்டர்!"

"வலிக்குதுன்னு பொய் சொல்றவங்களப் பாத்திருக்கேன். வலிக்கலைன்னு எவன் பொய் சொல்லுவான்?"

எழுந்து போய் அந்தப் பச்சைத் திரையை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அண்டர்வேரோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான் என் தம்பி. கால்சட்டையின் வலது பக்கம் மாட்டியாகிவிட்டது. இடது காலை இரண்டு கையாலும் தொடைக்கு அடியில் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி, துணிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் வேர்வை. இப்போது அந்த முகம் இரும்பு இல்லை.

"அக்கா! மானம் போகுது, மூடு!"

"போகட்டும். டாக்டர், வந்து பாருங்க இவன் கால்சட்டை போடுற லட்சணத்த!"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு வந்து நின்றார். "எத்தன நாளா இப்படிப் போடுற?"

"மூணு வருஷமா."

"இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

தலையைக் குனிந்தான். "ரெண்டு."

"எதுக்குப்பா?"

"டெஸ்ட் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. பாஸாகணும்ல டாக்டர்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வலியைக் காட்டத்தான் டாக்டரிடம் போவார்கள். டாக்டர் முன்னால் ஜெயிக்கப் போனவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அந்த டாக்டருக்கும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. மாத்திரை இல்லாமல் மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். வந்தான். அதே கை, அதே முட்டி. நெருக்குவதற்கு முன்பே அவன் கண்ணில் தண்ணீர்.

ஆபரேஷன் நடந்தது. அடிவயிற்றுத் தசை இடுப்பெலும்பைப் பிடிக்கிற இடத்தில் கிழிந்திருந்ததாம். அதைத் தைத்து, உள்தொடையில் இறுகிப்போன தசைநாரையும் கொஞ்சம் தளர்த்திவிட்டார். மூன்று மாதத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது. இருமல் வந்தால் வயிற்றில் அழுத்திக்கொள்ள நர்ஸ் ஒரு தலையணை கொடுத்தாள்.

மறுநாளே வந்தார் கோச், கழுத்தில் விசிலோடு. ஆஸ்பத்திரிக்கு எதற்கு விசில் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.

"என்ன இரும்பு! வலியெல்லாம் போயிருக்குமே? ஒரு மாசத்துல வந்துருவ, என்ன?"

என் தம்பி முகத்தைப் பார்த்தேன். அந்தப் பழைய கல்முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. போச்சு, மறுபடியும் வலி இல்லை என்று சொல்லப் போகிறான், தைத்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன். அவன் தலையணையை இறுக்கிக்கொண்டான்.

"வலிக்குது சார்," என்றான். குரலே எழும்பவில்லை.

"என்னது?" கோச் காதைத் திருப்பினார்.

"அவருக்குக் காது கேக்கலையாம்டா," என்றேன் நான். "இன்னும் சத்தமா சொல்லு."

வார்டில் இருந்த எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான்.