நான்காவது கோலி

மதிவதனி பிறந்தது 1994 ஆகஸ்ட் 17, புதன்கிழமை, கருவேப்பிலங்குறிச்சியில். எடை இரண்டு கிலோ எழுநூறு. அதற்குப் பிறகு முப்பது வருடம் அவள் வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று. விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் போய் வந்து பள்ளிப்படிப்பு, கல்லூரியில் இயற்பியல், அதற்கு மேல் ஒளியியல், பெங்களூரில் செல்போன் கேமரா வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. 2022 செப்டம்பர் 8, வியாழக்கிழமை, சேரனோடு கல்யாணம். சேரன் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவன். கல்யாணத்துக்குப் பின் மேல்மாடி அறையில் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, மூன்று இடுக்கி, எண்ணிலடங்காத திருகாணி என்று வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். திருகாணிகளை உண்மையில் எண்ணியிருக்கிறார்கள், அறுநூற்றுப் பதினெட்டு.

ஒழுங்கு கெட்டது 2025 ஜூனில். கெடுத்தது ஒரு விக்கல்.

அவள் செய்துகொண்டிருந்தது ஏழரை மில்லிமீட்டர் தடிமனுள்ள போனுக்குள் அடங்கும் ஜூம் கேமரா. படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் ஏமாற்று வேலை அதில் கிடையாது. உள்ளே லென்ஸ்களே நகர்ந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும். சேரனின் கம்பெனிப் பொம்மைகளுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கண் எழுதும் கொளஞ்சியம்மாள் ஒருநாள் மாடிக்கு டீ கொண்டுவந்தவர் அப்படியே உட்கார்ந்து இதைப் பற்றி விசாரித்தார். பதினாறு வருடமாகக் கண் எழுதுகிற கை. ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து ஜோடிக் கண். கண் சம்பந்தப்பட்ட எதையும் அவர் விடமாட்டார்.

"தூரத்துல பாக்கணும்னா குழாயி நீளமா இருக்கணுமேம்மா. இந்தத் தகடு மாதிரி போன்ல எங்க வச்ச?"

"நிக்க வச்சா கூரை இடிக்குதுக்கா. அதனால படுக்க வச்சிட்டேன்."

"படுத்துக்கிட்டு எப்படிப் பாக்கும்? மோட்டுவளையத்தான் பாக்கும்."

"தலைமாட்டுல சாய்வா ஒரு கண்ணாடிக் கட்டி வச்சிருக்கேன். வெளிச்சம் ஜன்னல் வழியா வந்து அதுல பட்டு மடங்கி, படுத்திருக்கிற லென்சுக்குள்ள போவும்."

"ஆத்தாடி! படுத்த படுக்கையிலயே தெரு பாக்குதா. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு வேணும்" என்றார் கொளஞ்சியம்மாள். தெருப் பார்ப்பதற்காக மட்டும் கட்டிலை ஜன்னலோரம் போட்டவர் அவர் கணவர்.

படுத்திருக்கும் லென்ஸ்கள் ஒரு குட்டித் தட்டில் அமர்ந்து முன்னும் பின்னும் ஓட வேண்டும். தட்டின் நான்கு மூலைக்கும் அடியில் நான்கு பீங்கான் உருண்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லி. உருண்டைகள் உருள, தட்டு நகரும். தட்டு எகிறிவிடாமல் அடியிலிருந்து ஒரு காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் ஒரு மடங்கிலிருந்து ஐந்து மடங்குக்குப் போகும் வழியில், மூன்று புள்ளி இரண்டு வந்ததும் படம் ஒரு துள்ளு துள்ளும். ஹிக்! பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஒழுங்காக ஓடும். மூன்று மாதிரிகள் செய்திருந்தாள். மூன்றுக்கும் அதே விக்கல்.

ஜூலை 2, புதன்கிழமை மாலை நாலு இருபதுக்கு அவளுடைய மேலாளர் பாலகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்.

"இருபத்தெட்டாம் தேதி திங்கக்கிழமை காலை பதினொரு மணி. வீடியோவுல காட்டுங்க. விக்கல் இல்லன்னா உங்க கேமராதான் போனுக்குள்ள. இருந்துச்சுன்னா வெளிய ரெடிமேடா வாங்கிக்கறோம். என்னால இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது மதி."

இரண்டு வருடம் ஏழு மாத உழைப்பு. மதிவதனி அன்று சாப்பிட்டது இரண்டு இட்லி. வழக்கம் ஐந்து.

உருண்டை கடுகளவு. அது என்ன சேட்டை செய்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியவில்லை. பத்து மடங்கு பெரிதாக ஒன்றைச் செய்து, கையால் தள்ளிப் பார்த்தால்? கோலிக்குண்டு பதினைந்து மில்லி. உருண்டைக்குப் பதில் கச்சிதமாக உட்காரும். அடித்தட்டு, மேல்தட்டு இரண்டையும் செய்து தரத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறானே.

"மாமா, கொலு ஆர்டர் தலைக்கு மேல இருக்குதுன்னு தெரியும். சூளைல ஒரு ஓரம் மட்டும் குடு."

"குடுத்துட்டாப் போச்சு. அளவு மட்டும் எழுதிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான் சேரன்.

இந்த இடத்தில் விருத்தாசலத்துக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு தப்பு நடந்தது. பீங்கான் மண் சூளையில் வெந்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். மூன்று வருடம் பொம்மைக்காரன் வீட்டில் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா? வெந்து வர வேண்டிய நீளம் 240 மில்லி. மதிவதனி சுருக்கத்தைச் சேர்த்து 273 என்று எழுதிக் கொடுத்தாள். சேரனுக்கு இது பரம்பரைத் தொழில். வெந்து வர வேண்டிய அளவைத்தான் பெண்டாட்டி எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, அவன் பங்குக்குச் சுருக்கத்தைச் சேர்த்து 310க்கு அச்சு எடுத்தான். இருவரும் மற்றவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 12, சனிக்கிழமை மதியம் சூளை பிரித்தார்கள். சேரன் அடித்தட்டில் நான்கு கோலிகளைக் குழியில் வைத்து, மேல்தட்டைக் கவிழ்த்து, துண்டில் சுற்றி, வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வந்தான். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். வேகத்தடை ஐந்து.

மதிவதனி மேசையில் வைத்து மேல்தட்டை விரலால் தள்ளினாள். வழவழவென்று ஓடியது. இழுத்தாள். வழவழவென்று வந்தது. துள்ளல் இல்லை, சத்தம் இல்லை.

"மாமா, இதுல விக்கல் வரலியே!"

"நான் செஞ்சதுல எப்படி வரும்?" என்று சேரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் ஸ்கேலை எடுத்தாள். 273. மறுபடி அளந்தாள். 273.

"240 இல்ல வரணும்?"

"நீ 273ன்னுதான எழுதுன?"

"சுருக்கம் சேத்து எழுதுனேன்."

"நீ ஏன் சேத்த? அது என் வேலை இல்ல?"

"அளவு எழுதிக் குடுன்னு சொன்னியே!"

"அளவத்தான் கேட்டேன், அச்சளவக் கேட்டனா? நாளைக்கி நான் வந்து உன் லென்ச தேய்க்கட்டுமா?"

கீழேயிருந்து கொளஞ்சியம்மாள் குரல் கொடுத்தார். "சண்டை முடிஞ்சா சொல்லுங்க, கண்ணு எழுதணும், கை ஆடுது!"

மேல்தட்டைத் தூக்கிப் பார்த்தாள் மதிவதனி. குழிகளும் பெருத்துப் போயிருந்தன. பதினாறு மில்லி இருக்க வேண்டியது பதினெட்டைத் தாண்டிவிட்டது. உள்ளே கோலி மூன்றுதான் இருந்தது. நான்காவது ஐந்து வேகத்தடைகளில் ஏதோ ஒன்றில் இறங்கிப் போயிருக்கிறது.

சேரனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தெருமுனைக் கடைக்கு ஓடினான். ஆறே நிமிடத்தில் புதுக் கோலியோடு வந்து நான்காவது குழியில் வைத்து, தட்டை மூடி, "இப்பப் பாரு, ஜம்முனு போவும்" என்று தள்ளினான்.

டக்.

இழுத்தான். டக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மதிவதனி மெதுவாக நான்காவது கோலியை எடுத்தாள். தள்ளினாள். சத்தமே இல்லை. வைத்தாள். டக். எடுத்தாள். இல்லை.

"மாமா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நாலு கால் நாற்காலியில் ஒரு கால் எப்போதும் சும்மாதான் இருக்கிறது. பாரத்தைத் தாங்குவது மூன்றுதான். தட்டு நகர நகர, எந்த மூன்று என்பது நடுவழியில் மாறுகிறது. மாறும் அந்த நொடியில்தான் டக். போனுக்குள் அதுவே ஹிக். முக்காலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மூன்று கால் எந்தத் தரையிலும் உட்கார்ந்துவிடும்.

காலியான மூலையை அழுத்திப் பார்த்தாள். தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. சரி, இரண்டு கோலி ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்றாவதை எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு நகர்த்து. அங்கே குழியில்லை, களிமண்ணால் ஒரு வளையம் வைத்து நிறுத்தினாள். எந்த மூலையில் அழுத்தினாலும் ஆடவில்லை. அன்று ராத்திரி இட்லி ஏழு.

மூன்று குழி வைத்த புதுத் தட்டுக்கான வரைபடம் ஞாயிறு காலையே கோயம்புத்தூர் பட்டறைக்குப் போயிற்று. அளவுக்குப் பக்கத்தில், "இதில் யாரும் எதையும் சேர்க்க வேண்டாம்" என்று அவள் எழுதியிருந்ததைப் பட்டறைக்காரர் போன் செய்து விளக்கம் கேட்டார். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை கூரியர் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உருண்டை வைத்தாள். ஒரு தும்மலில் இரண்டு உருண்டை காணாமல் போயின. இன்னும் கிடைக்கவில்லை.

28, திங்கட்கிழமை. பார்ப்பதற்கு நுணுக்கமாக ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, சேரன் கல்யாண செட் பொம்மைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நிறுத்தினான். பொண்ணு, மாப்பிள்ளை, நாதஸ்வரம், தவில், சமையல்காரர், பந்தி என்று இருபத்திரண்டு உருப்படி, ஒவ்வொன்றும் ஓரடி உயரம். அறை வாசலுக்கு இழுத்துப் போட்ட மேசையில் இருந்த கேமராவிலிருந்து சுவர் வரை இரண்டு மீட்டர், டேப் வைத்து இருமுறை அளந்தது. தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்து, "முகூர்த்தம் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார். "பதினொண்ணுக்கு!" என்றான் சேரன்.

பதினொன்று அடித்து ஒரு நிமிடத்தில் பாலகிருஷ்ணன் வீடியோவில் வந்தார். மதிவதனியின் விரல் திரையில் நகர்ந்தது. ஒன்று. ஒன்றரை. கல்யாணக் கூட்டம் கிட்டே வந்தது. இரண்டு. நாதஸ்வரக்காரர் நழுவிப் போனார். மூன்று. சேரன் கண்ணை மூடிக்கொண்டான். கொளஞ்சியம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி இரண்டு.

மூன்று புள்ளி மூன்று.

நான்கு, நாலரை, ஐந்து. கல்யாணப் பொண்ணு திரை முழுக்க வந்து நின்றாள். வழியில் எங்கேயும் படம் துள்ளவில்லை. திரும்ப ஒன்றுக்குப் போனாள். மறுபடி ஐந்துக்கு வந்தாள். ஆறு தடவை. ஏழாவது தடவை பொண்ணு வந்து நின்றதும், "அங்கயே நிறுத்துங்க" என்றார் பாலகிருஷ்ணன்.

மதிவதனி திரையிலிருந்து விரலை எடுத்தாள். "என்ன சார்? துள்ளுதா?"

"துள்ளல. பொண்ணுக்கு வலது கண்ணுல இமை முடி அஞ்சு இருக்கு. இடது கண்ணுல நாலுதான் இருக்கு."

கொளஞ்சியம்மாள் சேரனின் சட்டையை விட்டுவிட்டு, திரைக்கு அருகே வந்து விரல் வைத்து எண்ணினார். பிறகு சுவர் வரை நடந்துபோய்ப் பொம்மையிடமே எண்ணினார்.

"நாலுதான்" என்றார். "பதினாறு வருசத்துல ஒரு கடைக்காரன் சொன்னதில்ல. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எண்றான் பாரேன்!"

"மதி," என்றார் பாலகிருஷ்ணன், சிரிப்பை அடக்க முடியாமல், "அந்த மூணு உருண்டை வரைபடத்த இன்னைக்கே அனுப்பிடுங்க. உங்க கேமராதான் போனுக்குள்ள."

சேரன் தவில்காரப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆடினான். மதிவதனி அவனைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அறுநூற்றுப் பதினெட்டுத் திருகாணியும் மேசையிலிருந்து கொட்டின.

"யாரும் ஆடாதீங்க!" என்று அதட்டினார் கொளஞ்சியம்மாள். கீழே ஓடிப்போய்த் தூரிகையும் கறுப்பும் கொண்டுவந்திருந்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். பதினொன்று பத்தொன்பதுக்கு, ஒரே இழுப்பில், ஐந்தாவது இமை விழுந்தது.

கொளஞ்சியம்மாள் நகர்ந்து, பொம்மையைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இப்ப எண்ணுய்யா" என்றார்.